ஜீப்ரா செடிக்குப் பக்கக்கன்று எடுப்பது எப்படி? தருமபுரி, கிருஷ்ணகிரி வாசகர் கேள்விகளும் பதில்களும்

உள்ளங்கை அகலத் தொட்டியில், கரும்பச்சை இலையில் வெள்ளை வரி போட்ட சின்னச் செடி ஒன்றை இப்போது பல நர்சரிகளிலும் பார்க்கலாம். ஜீப்ரா செடி என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். ஹவொர்த்தியா என்பது அதன் பெயர், நம் சோற்றுக் கற்றாழைக்குச் சொந்தம். இதைப் பற்றியும் இதைப்போல இலையிலோ தண்டிலோ தண்ணீரைச் சேர்த்துவைக்கும் கூட்டாளிச் சதைச்செடிகள் பற்றியும் நம் இரண்டு மாவட்டங்களிலிருந்து வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

தருமபுரியிலிருந்து: அக்கா, ஓசூரில் என் தங்கை வீட்டு மாடியில் எச்சிவேரியா என்கிற சதைச்செடி அடுக்கடுக்காக அவ்வளவு அழகாக இருக்கிறது. அதே கடையில் வாங்கிவந்து நான் வைத்தது ஏப்ரல் தாண்டவில்லை. கீழ் இலையெல்லாம் நீர்கோத்து, தொட்டாலே உதிர்கிறது. பத்து நாளைக்கு ஒருமுறைதான் தண்ணீர் விட்டேன். எங்கே தப்பு?

உங்கள் கவனிப்பில் குறை இல்லை அம்மா, ஊர்தான் வேறு. ஓசூர் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரம். தருமபுரி அதில் பாதியளவுதான். எச்சிவேரியாவில் பெரும்பாலானவை மெக்சிகோவின் மலைப்பகுதிகளில் விளைந்தவை. பகலில் வெயில் இருந்தாலும் அங்கே இரவு குளிர்ந்துவிடும். இந்த இரவுக் குளிர்தான் விஷயமே. மற்ற செடிகள் பகலில் இலைத்துளையைத் திறந்து காற்றை வாங்கும். சதைச்செடிகளில் பலவும் தண்ணீர் வீணாகாமல் இருக்கப் பகலில் மூடிவைத்து, இரவில்தான் திறக்கும். ஏப்ரல், மே மாதங்களில் நம் ஊரில் ராத்திரி பதினொரு மணிக்கும் மாடிச் சுவர் சுடுகிறது. குளிராத இரவில் எச்சிவேரியா தன் வேலையைச் சரியாகச் செய்ய முடியாமல் சோர்ந்துபோகும். வேர் தண்ணீரை இழுக்காது. அந்த நேரத்தில் நாம் ஊற்றுகிற தண்ணீர் தொட்டியிலேயே நின்று அழுகலை வரவழைக்கும். கோடையில் உங்கள் பத்து நாள் கணக்கும் அதற்கு அதிகம்தான்.

அதனால்தான் சமவெளியில் இருப்பவர்களிடம் ஹவொர்த்தியாவில் தொடங்குங்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன். தென்னாப்பிரிக்காவில் புதர் அடியிலும் புல் மறைவிலும் பாறை இடுக்கிலும் வளர்ந்து பழகிய செடி அது. அரை நிழல் போதும். நம் வீட்டுத் தாழ்வாரமும் கிழக்கு ஜன்னலும் அதற்குப் பிறந்த வீடு. கோடையில் இதுவும் வளர்ச்சியை நிறுத்திக்கொண்டு சும்மா இருக்கும், ஆனால் செத்துப்போகாது. எச்சிவேரியாவை ஓசூரிலும் தளியிலும் இருப்பவர்கள் வளர்க்கட்டும், அங்கே அது சந்தோஷமாக இருக்கும்.

காவேரிப்பட்டணத்திலிருந்து: மண் கலவைக்கு பெர்லைட், பியூமிஸ் என்று சொல்கிறார்கள். விலையைக் கேட்டால் செடியைவிட அதிகம். இங்கே கிடைப்பதை வைத்துச் செய்ய முடியாதா?

தாராளமாக முடியும். செங்கல் சூளையில் உடைந்த கல்லை வாங்கி, மிளகு அளவிலிருந்து கடலை அளவு வரை உடைத்துச் சலியுங்கள். கிரானைட்டுக்குப் பேர்போன மாவட்டத்தில் இருக்கிறீர்கள், பொடி ஜல்லிக்கும் பஞ்சமில்லை. உடைத்த செங்கலும் பொடி ஜல்லியுமாக மூன்று பங்கு, செம்மண் ஒரு பங்கு, நன்றாக மக்கிய உரம் ஒரு பங்கு, இரண்டு கை உமிக்கரி. இதுவே போதும்.

ஒன்றை மட்டும் விடாதீர்கள். செங்கலானாலும் எம்-சாண்டானாலும் மாவுபோன்ற தூளைச் சலித்து நீக்கி, ஒருமுறை கழுவிவிட வேண்டும். அந்தத் தூள் தண்ணீர் பட்டதும் சிமென்ட் பூசியதுபோல இறுகி, காற்றுப் போகிற வழியை அடைத்துவிடும். தென்னைநார்க் கழிவு மலிவாகக் கிடைக்கிறதே என்று அதில் மட்டுமே நடாதீர்கள். அது ஈரத்தைப் பிடித்துவைக்கும், முழுக்கக் காய்ந்துவிட்டாலோ மறுபடி தண்ணீரை உள்ளே வாங்காது. புதிதாக வாங்கிய செடி பெரும்பாலும் அந்த நாரில்தான் இருக்கும். வந்த வாரமே உதிர்த்துவிட்டு நம் கலவைக்கு மாற்றிவிடுவது நல்லது.

தொட்டி அடியில் ஜல்லி அடுக்கினால் தண்ணீர் வடியும் என்று பலரும் நம்புகிறார்கள். உண்மையில் மேலே இருக்கும் மண் நனைந்து நிறைந்த பிறகுதான் தண்ணீர் ஜல்லிக்குள் இறங்கும். அப்படி அடுக்குவதால் ஈரமான பகுதி வேருக்கு இன்னும் பக்கத்தில் வந்துவிடுகிறது. ஜல்லியை அடியில் அடுக்காமல் மண்ணோடு கலந்துவிடுங்கள். துளையை ஓட்டுச்சில்லால் மறைத்தால் போதும்.

பென்னாகரத்திலிருந்து: என் ஜீப்ரா செடியைச் சுற்றி நான்கைந்து பக்கக்கன்று வந்திருக்கிறது. பிரிக்கக் கை நடுங்குகிறது, தாய்ச்செடி போய்விடுமோ என்று. எப்போது, எப்படிப் பிரிப்பது?

பயப்பட ஒன்றுமில்லை, நிதானமாகச் செய்தால் இரண்டு பக்கமும் பிழைக்கும். முதலில் காலம் பாருங்கள். நம் பக்கத்தில் செப்டம்பரிலிருந்து பிப்ரவரிக்குள் செய்யலாம், அடைமழை பிடித்திருக்கும் வாரங்களை விட்டுவிட்டு. சித்திரை, வைகாசியில் தொடவே வேண்டாம். அடுத்து, கன்று தாயில் மூன்றில் ஒரு பங்காவது வளர்ந்திருக்க வேண்டும். அதைவிடச் சின்னதாக இருந்தால் சொந்த வேர் இருக்காது, பிரித்தாலும் மாதக்கணக்கில் அப்படியே நிற்கும்.

ஒரு வாரம் தண்ணீர் விடாமல் காயவிடுங்கள். தொட்டியைச் சாய்த்துத் தட்டி, செடியை மண்ணோடு வெளியே எடுங்கள். மேலே இருந்தபடியே இலையைப் பிடித்து இழுக்கிறவர்கள்தான் கன்றை வேரில்லாமல் பிய்த்துவிடுகிறார்கள். மண்ணை உதிர்த்தால் தாயையும் கன்றையும் இணைக்கிற தண்டு தெரியும். இரண்டையும் அடிப்பாகத்தில் பிடித்து மெல்ல அசைத்தால் பெரும்பாலும் தானாகவே பிரிந்துவிடும். பிரியாவிட்டால் ஸ்பிரிட்டில் துடைத்த பிளேடால் அந்தத் தண்டை மட்டும் நறுக்குங்கள்.

தாயின் வேரில் பாதி உள்ளீடற்றுச் சுருங்கி, வெறும் தோலாக இருந்தால் கலங்காதீர்கள். ஹவொர்த்தியா பழைய வேரைக் கழித்துவிட்டுப் புது வேர் விடுகிற செடி. காய்ந்ததைக் கையால் உருவிவிடுங்கள், வெள்ளையாக, குண்டாக இருப்பதை விட்டுவைங்கள்.

அப்புறம்தான் பொறுமை தேவைப்படும். கன்றையும் தாயையும் ஒரு முறத்தில் போட்டு, காற்றாடும் நிழலில் இரண்டு மூன்று நாள் வைத்துவிடுங்கள். காயம் ஆறி வடு கட்ட வேண்டும். பிறகு உலர்ந்த கலவையில் நட்டு, நான்கைந்து நாள் கழித்து முதல் தண்ணீர். நட்ட அன்றே நீர் ஊற்றுகிற பழக்கம் கத்தரி, தக்காளி நாற்றுக்குச் சரி, இதற்கு ஆகாது. இலை கொஞ்சம் வதங்கித்தான் இருக்கும். மூன்று நான்கு வாரம் கழித்து விரலால் லேசாக அசைத்துப் பாருங்கள், ஆடாமல் நின்றால் வேர் பிடித்துவிட்டது. தொட்டி சின்னதாகவே இருக்கட்டும், மூன்று அங்குலம் போதும். பெரிய தொட்டியில் வேர் தொடாத மண் நாள்கணக்கில் ஈரமாகவே கிடக்கும்.

அரூரிலிருந்து: ரணகள்ளி இலையைக் கீழே போட்டாலே ஓரமெல்லாம் குட்டி முளைக்கிறது. ஹவொர்த்தியா இலையிலிருந்து அப்படி வராதா?

ரணகள்ளியின் இலை ஓரத்தில் ஒவ்வொரு பள்ளத்திலும் முளைக்கத் தயாரான திசு உண்டு, ஹவொர்த்தியாவுக்கு அது இல்லை. இலையை அடித்தண்டின் வெள்ளைப் பகுதியோடு சேர்த்துப் பெயர்த்து எடுத்தால் சில நேரம் வரும், ஆனால் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். கன்று கிடைக்கும்போது இலையில் முயல்வது தேவையில்லாத வேலை.

இலையிலிருந்து வளர்த்துப் பார்க்க ஆசை இருந்தால் கிராப்டோபெடலம் வாங்குங்கள். சாம்பல் கலந்த இளஞ்சிவப்பு இலை. நம் வெப்பத்தை எச்சிவேரியாவைவிட நன்றாகத் தாங்கும். இலையைப் பக்கவாட்டில் மெல்லத் திருகினால் அடிமுனை கிழியாமல் முழுதாக வரும். முனை தாயிலேயே தங்கிவிட்ட இலை முளைக்காது. நிழலில் மூன்று நாள் காயவைத்து, கலவையின் மேல் படுக்கவைத்தால் போதும், குத்தி நட வேண்டாம். சில வாரங்களில் இளஞ்சிவப்பு வேரும், அதன் பின்னால் குட்டியும் வரும். வேர் தெரிந்த பிறகுதான் லேசாகத் தண்ணீர் தெளிக்க வேண்டும். பழைய இலையைப் பிடுங்கிவிடாதீர்கள், அது தானாகச் சுருங்கி விழும் வரை குட்டிக்கு அதுதான் சாப்பாடு.

ஊத்தங்கரையிலிருந்து: செடி நடுவிலிருந்து ஒல்லியாக ஒரு தண்டு நீண்டு, சின்ன வெள்ளைப் பூ பூத்திருக்கிறது. பூத்தால் செடி செத்துவிடும் என்கிறார்களே?

அது ஆனைக்கற்றாழைக்குப் பொருந்தும். அது ஒருமுறை பூத்து முடித்துவிடும். ஹவொர்த்தியா வருடாவருடம் பூக்கும். பூ முடிந்து தண்டு காய்ந்ததும் உருவிவிடுங்கள். வெட்டிவிட அவசரப்படாதீர்கள், எப்போதாவது அந்தத் தண்டிலேயே ஒரு கன்று வந்து உட்காரும்.

பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து: போர் தண்ணீர்தான் விடுகிறோம். இலைமேல் வெள்ளைத் திட்டு, தொட்டி விளிம்பிலும் உப்புப் படிந்திருக்கிறது. நோயா?

நோய் இல்லை, நம் போர் தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பு. தண்ணீர் ஆவியாக, அது மட்டும் தங்கிவிடுகிறது. இலைமேல் ஊற்றாமல் மண்ணில் மட்டும் விடுங்கள். மழை பெய்யும்போது ஒரு குடம் பிடித்து வைத்தால் இந்தச் சின்னச் செடிகளுக்கு ரொம்ப நாள் வரும். மண்ணில் சேர்ந்த உப்பு போக, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மழைநீரை அடித்துளை வழியாக நன்றாக ஓடும்படி ஊற்றுங்கள். வீட்டில் ஆர்.ஓ. இயந்திரம் இருந்தால் அதன் கழிவுநீரைச் செடிக்குத் திருப்பிவிடுகிறவர்கள் உண்டு. அந்த நீரில் உப்பு இன்னும் செறிவாக இருக்கும், இந்தச் செடிகளுக்கு வேண்டவே வேண்டாம்.

எத்தனை நாளைக்கு ஒருமுறை தண்ணீர் விடுவது என்றும் கேட்டிருந்தீர்கள். நாள் கணக்கு வைக்காதீர்கள். ஒரு ஈர்க்குச்சியைத் தொட்டி அடிவரை குத்தி எடுங்கள். மண் ஒட்டாமல், குச்சி குளிர்ச்சியில்லாமல் வந்தால் ஊற்றுங்கள், இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள்.

பாலக்கோட்டிலிருந்து: இலை இடுக்கில் பஞ்சு மாதிரி வெள்ளையாக இருக்கிறது, எறும்பும் ஏறுகிறது.

மாவுப்பூச்சி. எறும்பு அதன் தேன்கழிவுக்காக வருகிறது, வந்து பூச்சியைப் பக்கத்துத் தொட்டிக்கும் கொண்டுபோகும். அந்தத் தொட்டியை இன்றே தனியாக எடுத்து வையுங்கள். சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் பஞ்சுக் குச்சியை நனைத்து ஒவ்வொரு பூச்சியாகத் தொட்டு எடுங்கள், வாரம் ஒருமுறை, நான்கு வாரம். அதிகமாக இருந்தால் லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயும் கொஞ்சம் காதி சோப்புக் கரைசலும் கலந்து, வெயில் இறங்கிய பிறகு தெளியுங்கள். எண்ணெய் பூசிய இலை வெயிலில் கருகும். இலையில் ஒன்றும் தெரியாமல் செடி மட்டும் மெலிந்துகொண்டே போனால் வேரைப் பாருங்கள், வேரிலும் ஒரு வகை மாவுப்பூச்சி இருக்கும். அப்படியானால் மண்ணைக் கொட்டிவிட்டு, வேரைக் கழுவிக் காயவைத்து, புது மண்ணில் வைக்க வேண்டும்.

சூளகிரியிலிருந்து: நீலம், ஊதா, வானவில் நிறத்தில் சதைச்செடி விதை என்று இணையத்தில் விற்கிறார்கள். வாங்கலாமா?

வேண்டாம் தம்பி. அந்தப் படங்களில் இருக்கிற பளீர் நீலம் எந்த விதையிலும் வராது. அந்தப் பணத்துக்கு நேரில் பார்த்து ஒரு செடி வாங்குங்கள்.

பர்கூரிலிருந்து: உச்சியில் சிவப்பு உருண்டை வைத்த கள்ளி வாங்கினேன். உருண்டை மட்டும் அழுகிப்போய்ப் பச்சைத் தண்டு துளிர்க்கிறது.

அது இரண்டு செடி. மேலே இருந்த சிவப்புக்குப் பச்சையமே கிடையாது, சொந்தமாக உணவு செய்ய முடியாது. அதை டிராகன் பழ வகைக் கள்ளித் தண்டில் ஒட்டுக் கட்டி விற்கிறார்கள். தண்டு வேகமாக வளரும், உருண்டை மெதுவாக வளரும், அதனால் சில ஆண்டுகளில் இப்படி ஆவது சகஜம். மிஞ்சிய தண்டைப் பெரிய தொட்டியில் வைத்து ஒரு குச்சி ஊன்றுங்கள், நன்றாக வளரும்.

தேன்கனிக்கோட்டையிலிருந்து: வீட்டில் ஆடு உண்டு, ஒரு பூனையும் உண்டு. எந்தச் செடி ஆபத்து?

ஹவொர்த்தியா பூனைக்கும் நாய்க்கும் நஞ்சில்லை. ரணகள்ளியையும் அதன் இனத்துக் கலாஞ்சோவையும் ஆடு மாடு எட்டாத இடத்தில் வையுங்கள், இதயத்தைத் தாக்கும் நஞ்சு அவற்றில் இருக்கிறது. ஜேட் செடி பூனைக்கு ஆகாது. ஆனால் ஜேட் என்று நம் பக்கம் விற்பதில் பாதி வேறு செடி: இலை சின்னது, தண்டு செம்பழுப்பு. அது தென்னாப்பிரிக்காவில் யானை தின்கிற போர்ச்சுலகேரியா, ஆடு கடித்தாலும் பயமில்லை. திருகுக்கள்ளி உடைந்தால் வரும் பால் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், குழந்தைகள் இருந்தால் இன்னும் கவனம்.

ஒகேனக்கல் சாலையிலிருந்து: காட்டோரப் பாறையில் கள்ளிமுளையான் கிடக்கிறது. தோண்டி வந்து தொட்டியில் வைக்கலாமா?

காப்புக்காட்டுக்குள் இருந்து ஒன்றையும் எடுக்காதீர்கள், சட்டப்படியும் தப்பு. தென்னாப்பிரிக்காவில் ஆசைக்காகத் தோண்டித் தோண்டி விற்றே பல சின்னச் சதைச்செடிகள் அழியும் நிலைக்கு வந்துவிட்டன. பட்டா நிலத்து வரப்பில் இருந்தால் நிலக்காரரைக் கேட்டு, விரல் நீளத்துக்கு ஒரு துண்டு மட்டும் ஒடித்து வாருங்கள். ஒரு வாரம் காயவைத்து நட்டால் வேர் விடும். நம் மண்ணுக்கும் வெயிலுக்கும் இதைவிடப் பொருத்தமான சதைச்செடி கிடையாது. நர்சரிக்காரர்கள் இதைப் பெருக்கி விற்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

கிருஷ்ணகிரியிலிருந்து: தை மாதம் மகள் திருமணம். தாம்பூலப் பையோடு ஆளுக்கொரு சின்னச் செடி தர ஆசை, இருநூறு வேண்டும். நானே ஜீப்ரா செடி பெருக்கிவிட முடியுமா?

ஜீப்ராவில் முடியாது அம்மா, ஒரு தாய் வருடத்துக்குச் சில கன்றுகள்தான் தரும். போர்ச்சுலகேரியாவை எடுத்துக்கொள்ளுங்கள். நன்கு வளர்ந்த ஐந்தாறு செடிகள் இருந்தால் இருநூறு குச்சி ஒடிக்கலாம். விரல் நீளக் குச்சி, அடி இலைகளை உருவி, நான்கு நாள் நிழலில் காயவைத்து, ஆவணி கடைசியில் நட்டுவிடுங்கள். ஐப்பசி மழை நேரடியாகப் படாமல் தகரக் கொட்டகை ஓரத்தில் வைத்தால் தைக்குள் புதுத் துளிரோடு நிற்கும். இருநூற்றைம்பதாக நடுங்கள், கொஞ்சம் கழியும். தொட்டி வாங்கும்போதே அடியில் துளை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். அழகுக்காக விற்கும் குட்டிப் பீங்கான் கிண்ணங்களில் பலவற்றுக்கும் துளை இருக்காது.