பெயரைப் பார்த்து வாங்காதீர்கள், பின்மூடியைத் திறந்து பாருங்கள்

கேள்வி: பல வருடம் சேர்த்த பணத்தில் நல்ல சுவிஸ் மெக்கானிக்கல் வாட்ச் ஒன்று வாங்க ஆசை. நண்பர்களோ, நூறில் ஒரு பங்கு விலைக்குக் கிடைக்கும் பேட்டரி வாட்ச் இதைவிடச் சரியாக ஓடுமே, எதற்கு வீண்செலவு என்கிறார்கள். வாங்கலாமா, வேண்டாமா?

பதில்: மணி பார்க்க மட்டும் என்றால் உங்கள் நண்பர்கள் சொல்வதுதான் சரி. பேட்டரியில் ஓடும் சாதாரண குவார்ட்ஸ் வாட்ச் ஒரு மாதம் ஓடினால் 15 நொடி அளவுக்கு முன்னே பின்னே போகும். மெக்கானிக்கலில், சுவிட்சர்லாந்தில் வாட்சின் துல்லியத்தைச் சோதிக்கும் சிஓஎஸ்சி அமைப்பின் சோதனையில் தேறி க்ரோனோமீட்டர், அதாவது துல்லியமான வாட்ச் என்று சான்றிதழ் வாங்கியதற்கே, ஒரு நாளைக்குச் சராசரியாக 4 நொடி பின்தங்கவும் 6 நொடி முந்தவும் அனுமதி உண்டு. துல்லியம்தான் முக்கியம் என்றால் வாங்காதீர்கள், பணம் மிச்சம்.

அப்புறம் எதற்குத்தான் அந்த விலை என்றால், உள்ளே நடக்கிற வேலைக்கு. வாட்சுக்குள் ஓடும் இயந்திரத்துக்கு மூவ்மெண்ட் என்று பெயர். இன்றைய மூவ்மெண்ட் பலவற்றில், முன்னும் பின்னும் ஆடும் பேலன்ஸ் சக்கரம் மணிக்கு 28,800 தடவை துடிக்கிறது, அதாவது நொடிக்கு 8. ஒரு நாளுக்குக் கணக்குப் போட்டால் 6,91,200. இதெல்லாம் ஒரு சுருள் ஸ்பிரிங் மெல்ல அவிழ்கிற விசையில் மட்டுமே நடக்கிறது, பேட்டரியும் இல்லை, சிப்பும் இல்லை. விலை உயர்ந்த வாட்ச் ஒன்றின் பின்பக்கத்தைப் பூதக்கண்ணாடியில் பார்க்க வாய்ப்புக் கிடைத்தால் சக்கரங்களைத் தாங்கும் தகட்டின் ஓரத்தைக் கவனியுங்கள். ஓரம் முழுக்கச் சரிவாகச் சீவி, கண்ணாடி மாதிரி மெருகேற்றியிருப்பார்கள். இரண்டு சரிவுகள் உள்பக்கமாகச் சந்திக்கும் மூலை கூர்மையாக, கத்தி நுனி போல் இருந்தால் அது கையால் அரம் பிடித்துச் செய்த வேலை, சுழலும் கருவி அந்த மூலையை வட்டமாகத்தான் விட்டுப்போகும். வாட்சைக் கட்டிக்கொண்டால் கண்ணில் படாத இடம் அது, அதற்காக ஒருவர் மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறார். நீங்கள் கொடுக்கும் பணத்தில் பெரும்பங்கு அந்த உழைப்புக்குப் போகிறது என்றால் அதை வீண்செலவு என்று நான் சொல்லமாட்டேன்.

இந்தக் கைவேலை அழிந்துபோகவும் பார்த்தது. 1969 டிசம்பர் 25 அன்று ஜப்பானில் சீக்கோ தன் ஆஸ்ட்ரான் குவார்ட்ஸ் வாட்சை விற்பனைக்குக் கொண்டுவந்தது, விலை 4,50,000 யென், அன்றைக்கு ஒரு சின்னக் காரின் விலை. அந்த விலை சரசரவென்று இறங்க இறங்க சுவிஸ் கம்பெனிகள் வரிசையாக மூடின. 1970இல் அந்தத் தொழிலில் இருந்த சுமார் 90,000 பேர் 1980களின் நடுவில் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிப்போனார்கள். ஜெனித் என்ற சுவிஸ் கம்பெனியில் 1975இல் மெக்கானிக்கல் மூவ்மெண்ட் வேலையை நிறுத்தி, கருவிகளையும் அச்சுகளையும் கழித்துவிடச் சொல்லி மேலிடத்து உத்தரவு வந்தபோது சார்ல்ஸ் வெர்மோ என்ற தொழிலாளி அவற்றை யாருக்கும் தெரியாமல் தொழிற்சாலையின் பரணில் ஒளித்துவைத்தார். எது எதற்கு என்று குறிப்பும் எழுதிவைத்தார். 1988இல் ரோலெக்ஸ் தன் டேடோனா மாடல் வாட்சில் வைத்தது, அந்தக் கருவிகளால் செய்யும் எல் பிரிமேரோ என்ற மூவ்மெண்ட்டின் மாற்றியமைத்த வடிவத்தைத்தான். அந்த மனிதர் உத்தரவுக்குக் கீழ்ப்படிந்திருந்தால் அது வந்தே இருக்காது.

ஆனால் எல்லா விலை உயர்ந்த வாட்சிலும் இந்த உழைப்பு இருக்கிறது என்று நம்பிவிடாதீர்கள். ஈடிஏ என்ற சுவிஸ் கம்பெனியின் 2824 மாதிரி மொத்தமாகத் தயாராகும் மூவ்மெண்ட் எத்தனையோ பிராண்டுகளில், ஒன்றுக்கொன்று பல மடங்கு வித்தியாசப்படும் விலைகளில் ஓடுகிறது. நல்ல, உழைக்கிற மூவ்மெண்ட்தான், குறை சொல்வதற்கில்லை. அதற்கு எவ்வளவு கொடுக்கிறோம் என்பதுதான் கேள்வி. கடையில் முதலில் மூவ்மெண்ட் எது என்று கேளுங்கள், பதில் சொல்லத் தயங்கினால் கிளம்பிவிடுங்கள்.

கேள்வி: முதலீடாக வாங்கலாமா? ஏலத்தில் கோடிக்கணக்கில் போகிறதே?

பதில்: வேண்டாம். 2017இல் நியூயார்க் ஏலத்தில் 1.77 கோடி டாலருக்குப் போன டேடோனா, நடிகர் பால் நியூமன் கட்டியிருந்தது. உங்கள் வாட்ச்சை நீங்கள்தான் கட்டுகிறீர்கள். 2022 தொடக்கத்தில் ஏறிய செகண்ட்ஹேண்ட் விலைகளை நம்பி அப்போது வாங்கியவர்கள் அந்த வருடமே இறக்கத்தைப் பார்த்தார்கள். அத்தோடு 5 முதல் 10 வருடத்துக்கு ஒரு முறை முழுதாகப் பிரித்து, கழுவி, எண்ணெய் விட்டுப் பூட்ட வேண்டும். அந்தச் செலவை யாரும் லாபக் கணக்கில் சேர்ப்பதில்லை.

கேள்வி: செகண்ட்ஹேண்டில் எதைப் பார்த்து வாங்குவது?

பதில்: முதலில் டயல். எனக்கே அடி விழுந்திருக்கிறது. ஐம்பது வருடப் பழைய வாட்ச், டயல் பளிச்சென்று இருந்ததால் மயங்கிப்போய் ஒரு வியாபாரியிடம் வாங்கினேன். வீட்டில் லென்ஸ் வைத்துப் பார்த்தால் 6 மணிக்குக் கீழே இருக்கும் ‘சுவிஸ் மேட்’ எழுத்துகள் ஒன்று தடித்து ஒன்று மெலிந்து, மை லேசாகக் கசிந்து நிற்கிறது. புதிதாகப் பெயிண்ட் அடித்த டயல். திருப்பிக் கொடுக்கப் போனேன், வாங்க மறுத்துவிட்டார். வயதுக்கு ஏற்ற மங்கல் உள்ள டயலே மேல்.

அடுத்து ஸ்ட்ராப் மாட்டும் கால்கள். ஓரங்கள் கூர்மையாக இருக்க வேண்டும், சோப்பு கரைந்த மாதிரி வழவழவென்று உருண்டிருந்தால் பலமுறை பாலிஷ் போட்டு உலோகத்தைத் தேய்த்துவிட்டார்கள் என்று அர்த்தம், அதை மீட்பது கடினம். கடைசி சர்வீஸ் ரசீதைக் கேளுங்கள். இல்லை என்றால் ஒரு சர்வீஸ் செலவை விலையிலிருந்து கழித்துப் பேசுங்கள்.

கேள்வி: 30 மீட்டர் என்று போட்டிருக்கிறது, நீச்சலுக்குக் கட்டலாமா?

பதில்: கூடாது. அது அசையாத நீரின் அழுத்தத்துக்குச் செய்த சோதனை. கை கழுவும்போது தெறிக்கிற தண்ணீருக்குத் தாங்கும், அவ்வளவுதான். நீச்சலுக்கு 100 மீட்டர் போட்டதாகப் பாருங்கள், சாவி கொடுக்கும் குமிழ் திருகி மூடும் வகையாக இருந்தால் இன்னும் நல்லது. உள்ளே இருக்கும் ரப்பர் வளையம் வயதாக ஆக இறுகிப்போகும், சர்வீஸின்போது மாற்றச் சொல்லுங்கள்.