குழந்தைக்கு ஹெர்னியா: ஸ்கேன் எப்போது தேவை?

குழந்தைகளுக்கு அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் பார்க்கும் மருத்துவர் பெற்றோரின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

கேள்வி: எட்டு மாதப் பையன். அழுதால் தொடை இடுக்கில் புடைக்கிறது, தூங்கினால் காணவில்லை. ஸ்கேனில் ஒன்றுமில்லை என்கிறார்கள். நம்பலாமா டாக்டர்?

பதில்: அதோடு விட்டுவிடாதீர்கள். விதை வயிற்றிலிருந்து இறங்கி வரும் வழி, பிறப்பையொட்டி மூடிக்கொள்ள வேண்டும். மூடாவிட்டால், குழந்தை அழும்போதும் முக்கும்போதும் குடல் அதன் வழியே இறங்கும். அதுதான் ஹெர்னியா. அமைதியாகத் தூங்கும் குழந்தைக்கு ஸ்கேன் பார்த்தால் குடல் உள்ளே போயிருக்கும், ஒன்றும் தெரியாது. ஸ்கேன் அறையில் குழந்தை அழுதால் பெற்றோர் பதறுவார்கள். கொஞ்சம் பொறுங்கள் என்பேன். அந்த அழுகையில்தான் குடல் நெளிந்தபடி இறங்குவது திரையில் தெரியும். அடுத்த முறை புடைத்தால் போனில் படம் எடுத்து வையுங்கள். அறுவை மருத்துவருக்கு என் ரிப்போர்ட்டைவிட அது உதவலாம்.

கேள்வி: எங்கள் டாக்டர் தொட்டுப் பார்த்தே ஹெர்னியா என்றார், ஸ்கேன் எழுதவில்லை. சரியா?

பதில்: சரிதான். நீர் கோத்த வீக்கமா, நெறிக்கட்டா, இறங்காத விதையா என்ற சந்தேகம் இருந்தால் ஸ்கேன் வேண்டும். கைக்கே தெளிவாகத் தெரிந்தால் வேண்டாம்.

கேள்வி: ரிப்போர்ட்டில் உள்வளையம் 5 மி.மீ. என்று போட்டிருக்கிறது. ஆபரேஷன் வேண்டுமா?

பதில்: குடல் வெளியேறும் வாயின் அகலம் அது. 4 மி.மீ.க்கு மேல் போனால் வழி மூடவில்லையோ என்று யோசிப்போம். ஆனால் வழி திறந்திருந்தும் எதுவும் இறங்காமல் காலம் முழுக்க நன்றாக இருப்பவர்கள் நிறையப் பேர். புடைப்பை யாருமே பார்க்காதபோது, இந்த ஒரு எண்ணை மட்டும் வைத்து முடிவெடுக்கக் கூடாது.

கேள்வி: பெண் குழந்தை. அடிவயிற்றோரம் சின்ன உருண்டை, வலியில்லை.

பதில்: தயங்காமல் ஸ்கேன் எடுங்கள். சினைப்பை இறங்கியிருக்கலாம். அதற்குள் இருக்கும் சின்னச் சின்ன நீர்க்குமிழிகள் திரையில் கறுப்பாகத் தெரியும். முறுக்கிக்கொண்டால் ரத்த ஓட்டம் தடைபடும், அதனால் ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேனும் பார்ப்போம். வலியில்லாவிட்டாலும் தள்ளிப்போடாதீர்கள். நீங்களே அழுத்தி உள்ளே தள்ளவும் வேண்டாம்.

கேள்வி: கதிர்வீச்சு உண்டா?

பதில்: இல்லை. வெறும் ஒலி அலைதான்.

கேள்வி: தொடை இடுக்கு ஹெர்னியாவும் தொப்புள் ஹெர்னியா மாதிரி தானாகச் சரியாகுமா?

பதில்: ஆகாது. அறுவை சிகிச்சைதான். குறைமாதக் குழந்தையானால் குடல் சிக்கிக்கொள்ளும் ஆபத்து இன்னும் அதிகம். புடைப்பு கெட்டியாகி, உள்ளே போகாமல், குழந்தை வாந்தியும் எடுத்தால் ஸ்கேனுக்கு நேரம் வாங்கிக் காத்திருக்காதீர்கள். பால்கூடக் கொடுக்காமல் நேரே அவசரப் பிரிவுக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். ஸ்கேன் தேவைப்பட்டால் அங்கேயே பார்ப்பார்கள்.