பாட்டியின் ஃப்ரூட் சாலட் கிரீம்: இரவில் கெட்டி, காலையில் தண்ணீர் ஏன்?

பட்டர்வொர்த்திலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்:

"என் பாட்டி கெடாவில் ஒரு தோட்டத்துத் துரை பங்களாவில் சமையல் வேலை பார்த்தவர். தீபாவளிக்குப் பழங்களை நறுக்கி, மேலே இளமஞ்சள் நிறத்தில் புளிப்பும் இனிப்புமாக ஒரு கிரீம் ஊற்றித் தருவார். அன்னாசி ஜூஸ், முட்டை, மாவு, கிரீம் என்பது வரை அம்மாவுக்குத் தெரியும். அளவு தெரியாது. முதலில் கடை மயோனிஸில் சீனி கலந்து பார்த்தேன், யாரும் தொடவில்லை. பிறகு கொதிநீர்ப் பாத்திரத்தின் மேல் கிண்ணத்தை வைத்து நானே காய்ச்சினேன். இரவு நல்ல கெட்டியாக இருந்தது. காலையில் பார்த்தால் மோர்! பழத்தோடு கலந்த பிறகு ஒரு கசப்பு வேறு. இந்தத் தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்புக்கு முப்பது பேர் வருகிறார்கள். அவர்களில் சிலர் முட்டை சேர்ப்பதில்லை. எப்படிச் செய்வது?"

உங்கள் பாட்டி செய்தது காய்ச்சிய டிரெஸ்ஸிங். ஆலிவ் எண்ணெய் விலை அதிகமாக இருந்த காலத்தில், எண்ணெய் மயோனிஸுக்கு மாற்றாக அமெரிக்க, ஆங்கிலேய வீடுகளில் பரவலாகச் செய்ததுதான் இது. காய்கறிக்கு என்றால் வினிகரும் கடுகுப் பொடியும் சேரும், பழத்துக்கு என்றால் பழச்சாறும் கிரீமும். துரை வீட்டு அடுப்படிகளில் வேலை பார்த்த ஹைனான் சீனர்களும் நம்மவர்களும் அங்கே கற்றதைத் தங்கள் வீடுகளுக்கும் கொண்டுவந்தார்கள். அன்னாசி ஜூஸ் இதில் வந்ததும் இயல்புதான். 1930களில் டின் அன்னாசி ஏற்றுமதியில் ஹவாய்க்கு அடுத்த இடத்தில் இருந்தது மலாயா.

மயோனிஸ் ஏன் சரிப்படவில்லை என்பதற்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அதில் பெரும்பகுதி எண்ணெய். கூடவே வினிகர், உப்பு, சிலவற்றில் பூண்டும் உண்டு. எவ்வளவு சீனி போட்டாலும் அது பழத்துக்கு ஒட்டாது.

தண்ணீராகிப் போனதுதான் விஷயம். நீங்கள் சீக்கிரம் இறக்கிவிட்டீர்கள். முட்டை திரிந்துவிடுமோ என்ற பயத்தில் எல்லோரும் செய்வதுதான் இது. முட்டை மஞ்சள் கருவில் மாவுச்சத்தைக் கரைக்கும் நொதி ஒன்று இருக்கிறது, அமைலேஸ் என்று பெயர். கலவை கெட்டியாகத் தொடங்கும் சூட்டில் அது சாவதில்லை. ஏறக்குறைய கொதிநிலைக்குப் போனால்தான் அடங்கும். அடங்காமல் விட்டால், ஐஸ் பெட்டிக்குள் உட்கார்ந்தும் மெல்ல மெல்ல மாவைத் தின்றுகொண்டிருக்கும். இரவில் கெட்டி, காலையில் மோர் என்பதற்கு இதுதான் காரணம். முட்டையும் மாவும் சேரும் எந்தக் கூழுக்கும் இந்தத் தொல்லை உண்டு.

கொதிநீர்ப் பாத்திரத்தின் மேல் கிண்ணத்தை வைத்துக் காய்ச்சினால் உள்ளே இருப்பது கொதிநிலையைத் தொடவே தொடாது. முட்டையை மட்டும் நம்பிச் செய்யும் கஸ்டர்டுக்கு அந்த முறை சரி. மாவு சேர்த்ததற்கு வேண்டாம், நேராக அடுப்பிலேயே காய்ச்சலாம். மாவு இருக்கும்போது முட்டை அவ்வளவு எளிதில் திரியாது. மாவுச்சத்து நடுவில் புகுந்து, முட்டையின் புரதங்கள் ஒன்றோடொன்று கட்டிக்கொள்ளாமல் தடுத்துவிடும். ஆகவே பயப்படாமல் கொதிக்க விடுங்கள். ஓரத்தில் மட்டும் இல்லாமல் நடுவிலும் பெரிய குமிழிகள் வந்து 'பொளக், பொளக்' என்று வெடிக்க வேண்டும். அதற்குப் பிறகும் கிண்டிக்கொண்டே முழுதாக ஒரு நிமிடம் அடுப்பில் இருக்கட்டும்.

சரி, அளவு. டின் அன்னாசி ஜூஸ் ஒரு கப், அதாவது 240 மில்லி. சீனி கால் கப் (ஜூஸ் இனிப்புச் சேர்க்காதது என்றால் இன்னும் ஒரு மேசைக்கரண்டி). கோதுமை மாவு இரண்டு மேசைக்கரண்டி, அல்லது கார்ன்ஃப்ளார் ஒன்றரை. முட்டை மஞ்சள் கரு இரண்டு. ஒரு சிட்டிகை உப்பு. உப்பில்லாத பட்டர் ஒரு மேசைக்கரண்டி. லீமாவ் கஸ்தூரி என்ற சிறு எலுமிச்சையின் சாறு இரண்டு மேசைக்கரண்டி. விப்பிங் கிரீம் 200 மில்லி. இது ஒன்றரை கிலோ நறுக்கிய பழத்துக்குத் தாராளமாகப் போதும்.

கோதுமை மாவா, கார்ன்ஃப்ளாரா? பாட்டி கோதுமை மாவுதான் போட்டிருப்பார் என்பது என் ஊகம். அதில் வரும் கிரீம் கொஞ்சம் மங்கலாக, வாயில் கனமாக இருக்கும். கார்ன்ஃப்ளார் பளபளப்பாக வரும், மாவு வாடையும் குறைவு. பழைய ருசி வேண்டும் என்று கேட்கிறீர்கள் என்பதால் கோதுமை மாவையே சொல்வேன்.

எவர்சில்வர் பாத்திரம் எடுத்துக்கொள்ளுங்கள். புளிப்பும் முட்டையும் சேர்ந்தால் அலுமினியத்தில் நிறம் கறுக்கும். சீனி, மாவு, உப்பு மூன்றையும் காய்ந்தபடியே முதலில் நன்றாகக் கலந்துவிட்டால் பிறகு கட்டி விழாது. அதில் கால் கப் குளிர்ந்த ஜூஸ் விட்டுக் குழைத்து, மஞ்சள் கருவைச் சேர்த்து அடியுங்கள். மீதி ஜூஸைத் தனியாகச் சூடாக்கி, ஆவி வந்ததும் சிறிது சிறிதாக இந்தக் கலவையில் ஊற்றிக் கலக்கி, எல்லாவற்றையும் மீண்டும் பாத்திரத்துக்கு மாற்றி மிதமான தீயில் வையுங்கள். கம்பி விஸ்க்கை அடியும் மூலையும் விடாமல் ஓட்டுங்கள். கெட்டியாகத் தொடங்கும்போது மாவு திரண்டு கொஞ்சம் முரடாகத் தெரியும். அந்த இடத்தில்தான் பலர் பயந்து அடுப்பை அணைக்கிறார்கள். அணைக்காமல் வேகமாகக் கிண்டினால் அரை நிமிடத்தில் வழவழப்பாகிவிடும். பிறகு மேலே சொன்ன கொதி, மேலே சொன்ன ஒரு நிமிடம்.

இறக்கிய பிறகே பட்டரும் லீமாவ் கஸ்தூரிச் சாறும். புளிப்போடு சேர்த்து நெடுநேரம் கொதிக்க வைத்தால் மாவின் பிடிப்பு தளர்ந்துவிடும். அன்னாசியிலேயே புளிப்பு இருப்பதால்தான் ஒரு நிமிடத்தோடு நிறுத்தச் சொல்கிறேன், ஐந்து நிமிடம் வேண்டாம். லீமாவ் கஸ்தூரி கிடைக்காவிட்டால் லீமாவ் நிப்பிஸ் போடலாம். ஆனால் கஸ்தூரியில் இருக்கும் ஆரஞ்சு வாசனைதான் இதற்குப் பொருத்தம். பினாங்கில் இருந்துகொண்டு இன்னொன்றையும் விடக்கூடாது: சாதிக்காய். கிழக்கிந்தியக் கம்பெனி காலத்திலிருந்து தீவில் விளைகிறது, பாலேக் பூலாவ் பக்கம் இன்றும் மரங்கள் உண்டு. முழுக்காயை வாங்கி நான்கைந்து இழுப்பு துருவிப் போடுங்கள். பொடியாக விற்பதில் பாதி வாசனை போயிருக்கும்.

இதை வடிகட்டியில் ஊற்றி, பிளாஸ்டிக் உறையை மேல் பரப்பில் ஒட்டுமாறு மூடி (இல்லையென்றால் ஏடு படியும்) ஐஸ் பெட்டியில் முழுதாகக் குளிர விடுங்கள். மூன்று மணி நேரமாவது ஆகும். முந்தின நாளே செய்து வைப்பது நல்லது.

கிரீம் வாங்கும்போது டப்பாவைப் படியுங்கள். கொழுப்பு 35 விழுக்காடு அளவில் இருக்கும் பால் கிரீம்தான் அடித்தால் நுரைத்து நிற்கும். குக்கிங் கிரீம் எவ்வளவு அடித்தாலும் நிற்காது. பேக்கரிப் பொருள் கடைகளில் கிடைக்கும் தாவரக் கொழுப்பு கிரீம் நன்றாக நிற்கும், நம் வெயிலையும் தாங்கும். ஆனால் ஏற்கெனவே இனிப்பு சேர்த்தது, வாயில் ஒரு படலமும் விடும். வாசலில் பந்தல் போட்டு மணிக்கணக்கில் பரிமாறுவதாக இருந்தால் மட்டும் அதை ஒப்புக்கொள்வேன். அப்போது சீனியைப் பாதியாக்குங்கள்.

கிரீம், கிண்ணம், அடிக்கும் கம்பி எல்லாமே குளிர்ந்திருக்க வேண்டும். நம் ஊர் அடுப்படிச் சூட்டில் கிண்ணத்தைக் கால் மணி நேரம் ஃப்ரீசரில் வைத்தால்தான் கொழுப்பு உருகாமல் நிற்கும். கம்பியைத் தூக்கினால் நுனி லேசாக வளைந்து நிற்கும் பதம் வந்ததும் நிறுத்துங்கள். அதைத் தாண்டினால் பட்டராகத் திரளும். குளிர்ந்த கூழை முதலில் கரண்டியால் நன்றாகக் கலக்கித் தளர்த்தி, கிரீமை மூன்று தவணையாக அடியிலிருந்து மேலே புரட்டிச் சேருங்கள். கூழ் வெதுவெதுப்பாக இருந்தால்கூடக் கிரீம் உருகி ஓடிவிடும். இந்த ஒரு இடத்தில் பொறுமை வேண்டும்.

இனிக் கசப்பு. பச்சை அன்னாசியைத்தானே நறுக்கிப் போட்டீர்கள்? அதில் இருக்கும் புரோமெலைன் புரதத்தை உடைக்கும் நொதி. நாக்கு அரிப்பதும் அதனால்தான். பாலின் புரதத்தை அது உடைக்கும்போது கசப்பு வருகிறது, நேரம் ஆக ஆகக் கூடுகிறது. டின் அன்னாசி பதப்படுத்தும்போதே சூடாகிவிடுவதால் அந்த நொதி அதில் வேலை செய்யாது. புதுப் பழம்தான் வேண்டும் என்றால், துண்டுகளை அதன் சாற்றிலேயே நன்றாக ஆவி வரும்வரை இரண்டு மூன்று நிமிடம் சூடாக்கி, ஆறவைத்து, வடித்துப் போடுங்கள். ஜூஸும் புதிதாகப் பிழிந்தது என்றால் முட்டையோடு சேரும் முன் ஒரு கொதி விடுங்கள். எம்டி2 ரகம் என்றால் புளிப்பு குறைவு, எலுமிச்சையை ஒரு கரண்டி கூட்டுங்கள். கிவியும் இதே குணம் கொண்டது. பப்பாளியின் நொதி காயில்தான் அதிகம், கனிந்ததில் குறைவு. ஆனாலும் கிரீமோடு கலந்து இரவெல்லாம் வைக்கக்கூடாது. ஜெலட்டின் ஜெல்லி பச்சை அன்னாசியில் உறையாமல் போவதும் இந்த நொதியால்தான். அகார்-அகாருக்கு அந்தப் பிரச்சினை இல்லை. அது புரதமே இல்லையே!

பழத் தேர்வில் என் கருத்து கொஞ்சம் கறாரானது. தர்பூசணி வேண்டாம். வெட்டிய நிமிடத்திலிருந்து நீர் விடும், இனிப்பான கிரீம் பட்டதும் இன்னும் விடும். டிராகன் பழத்தின் சிவப்பு ரகம் முழுக் கிண்ணத்தையும் ரோஸ் நிறமாக்கிவிடும். ஆப்பிள், கொய்யா, திராட்சை, ஹனிடியூ, டின் லோங்கான், கெட்டியாகப் பழுத்த மாம்பழம் எல்லாம் நன்றாக நிற்கும். ஆப்பிளை எலுமிச்சைச் சாற்றில் புரட்டி வையுங்கள், கறுக்காது. பிசாங் பெராங்கான் வாழைப்பழத்தைப் பரிமாறும் நேரத்தில் நறுக்கினால் போதும். டின் பழங்களை வடிகட்டியில் போட்டு, பிறகு சுத்தமான துணியில் ஒற்றி எடுங்கள். பாகு ஒட்டியிருந்தால் கிரீம் பழத்தில் பிடிக்காமல் வழுக்கி அடியில் தேங்கும்.

முட்டை சேர்க்காதவர்களுக்குக் கஸ்டர்ட் பவுடர் போதும். 1837இல் பர்மிங்காமில் ஆல்ஃபிரட் பேர்ட் அதை உருவாக்கியதே முட்டை ஒத்துக்கொள்ளாத தம் மனைவிக்காகத்தான். அடிப்படையில் அது நிறமும் மணமும் சேர்த்த கார்ன்ஃப்ளார். மேலே சொன்ன மாவுக்கும் முட்டைக்கும் பதிலாக இரண்டு மேசைக்கரண்டி போட்டு அதே ஜூஸில் காய்ச்சுங்கள். பட்டரை மட்டும் இன்னொரு கரண்டி கூட்டினால் முட்டை தரும் வழவழப்பு ஓரளவு வரும். இதில் பால் ஊற்றிவிடாதீர்கள், அன்னாசிப் புளிப்பில் திரிந்துவிடும். உண்மையைச் சொன்னால், திறந்த இல்ல உபசரிப்புக்கு இரண்டு கிண்ணம், இரண்டு கரண்டி, எது எதில் என்று குழப்பம் என்பதைவிட எல்லோருக்கும் முட்டையில்லாததையே செய்துவிடலாம். பாட்டியின் முறையை வீட்டாருக்கு இன்னொரு நாள் செய்துகொள்ளுங்கள்.

கண்டென்ஸ்ட் மில்க்கில் எலுமிச்சை பிழிந்து கெட்டியாக்கும் குறுக்குவழியும் உண்டு. பாலின் புரதம் புளிப்பில் திரள்வதால் அது நடக்கிறது. ஆனால் இப்போது கடையில் இருக்கும் பல டின்களில் 'கிரிமர் மானிஸ்' என்றுதான் அச்சிட்டிருக்கும். பாமாயில் சேர்த்து, பால் குறைத்துச் செய்தது. அதில் அவ்வளவாகக் கெட்டிப்படாது.

முப்பது பேர் என்பதால் மூன்று மடங்கு செய்ய வேண்டியதில்லை. பிரியாணியும் முறுக்கும் சாப்பிட்டுவிட்டு வருபவர்கள் ஆளுக்கு ஒரு சிறு கப்தான் எடுப்பார்கள். இரண்டு மடங்கு கிரீமும் மூன்று கிலோ பழமும் போதும். அகலமான, அடி கனத்த பாத்திரத்தில் காய்ச்சுங்கள். குமிழி வர நேரம் கூடும், அவசரப்பட்டுத் தீயைக் கூட்டினால் அடி பிடிக்கும். பழமும் கிரீமும் தனித்தனியாக ஐஸ் பெட்டியில் இருக்கட்டும். விருந்தினர் வர வர ஒரு கிண்ணம் ஒரு கிண்ணமாகக் கலந்து, ஐஸ் நிரப்பிய தட்டின் மேல் வையுங்கள். வெயில் 32 டிகிரியைத் தாண்டும் நாளில் வெளியே ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்ததைத் திரும்ப ஐஸ் பெட்டியில் வைத்து மறுநாள் பரிமாற வேண்டாம், கொட்டிவிடுங்கள். பழத்தோடு சேராமல் மிஞ்சிய கிரீம் மூடி வைத்தால் இரண்டு நாள் தாங்கும்.