வெட்டிக் கதையா?

கேள்வி: மனிதர்களைத் துரத்தித் துரத்திக் கொல்லும் ரோபோக்கள், பூமியைத் தேடி ஓடும் மனிதர்கள். 'பேட்டில்ஸ்டார் கேலக்டிகா' என்ற இந்த வெட்டிக் கதைக்கு, அதுவும் முடிந்து இத்தனை வருடங்கள் ஆன அமெரிக்க சீரியலுக்கு, போன இதழில் நான்கு பக்கம் ஒதுக்கியிருக்கிறீர்கள். அந்த இடத்தில் செயற்கை நுண்ணறிவு நிஜமாகவே நம்மை அழிக்குமா என்று எழுதியிருந்தால் உபயோகமாக இருந்திருக்குமே?
- ஒரு வாசகர், விருதுநகர்

பதில்: 'வெட்டி' என்று எழுதிவிட்டீர்கள். ரோபோவைப் பற்றிய கேள்வியில் போடுவதற்கு இதைவிடப் பொருத்தமான சொல் தமிழில் கிடையாது. முதலில் இந்தச் சொல்லைப் பேசிவிடுகிறேன், அப்புறம் சீரியல்.

சோழர் காலக் கல்வெட்டுகளில் ஊர்க்காரர்கள் கொடுக்க வேண்டியவற்றின் பட்டியல் வரும். கடமை, குடிமை, அந்தராயம் என்று போகும் அந்தப் பட்டியலில் வெட்டியும் அடிக்கடி இருக்கும். அது நெல்லாகவோ காசாகவோ கொடுப்பதல்ல, உடம்பால் கொடுப்பது. கூப்பிட்ட நாளில் போய்க் கூலி வாங்காமல் உழைத்துவிட்டு வர வேண்டும். வடமொழி 'விஷ்டி'யிலிருந்து வந்த சொல் என்பது பரவலான கருத்து. கிராமத்தில் இழவு சொல்லப் போகவும் சுடலையில் நிற்கவும் விதிக்கப்பட்டவரின் பெயரான வெட்டியான் என்பதையும் அகராதிகள் இந்தச் சொல்லோடுதான் சேர்க்கின்றன. நிஜாம் ஆட்சியில் தெலங்கானா கிராமங்களில் இருந்த 'வெட்டி சாக்கிரி'யும் இதேதான். ஜமீன்தார் வீட்டுக்குத் தலைமுறை தலைமுறையாகச் சம்பளமில்லாமல் உழைத்த அந்த ஜனங்கள்தான் 1946இல் எழுந்தார்கள்.

இப்போது வெட்டிப்பேச்சு, வெட்டிப்பொழுது, வெட்டி ஆபீசர் என்று நாம் பயன்படுத்தும்போது உழைப்பே அந்தச் சொல்லிலிருந்து போய்விட்டது. இது எப்படி நடந்திருக்கும் என்று பல வருடங்களாக யோசித்திருக்கிறேன். நாள் முழுக்க வேலை செய்துவிட்டு வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தவன் 'இன்றைக்கு வெட்டி' என்று சொல்லியிருப்பான் என்றே நினைக்கிறேன். அவனுக்கு அது பயனில்லாத நாள். அவன் வெட்டிய வாய்க்காலில் தண்ணீர் பாய்ந்த வயல்காரருக்கு அது பயனில்லாத நாள் அல்ல.

சரி, இப்போது ரோபோ. 1920இல் கரேல் சாபெக் என்ற செக் எழுத்தாளர் 'ஆர்.யு.ஆர்.' என்ற நாடகத்தை எழுதினார். அடுத்த வருடம் பிராகில் மேடையேறியது. தொழிற்சாலையில் செய்யப்படும் செயற்கைத் தொழிலாளிகளுக்கு என்ன பெயர் வைப்பது என்று அவர் யோசித்தபோது, அவருடைய அண்ணன், ஓவியர் யோசஃப் சாபெக், 'ரோபோட்' என்று வைக்கச் சொன்னார். செக் மொழியில் 'ரோபோட்டா' என்றால் பண்ணையாருக்குக் கூலியில்லாமல் செய்ய வேண்டிய கட்டாய உழைப்பு. அந்தப் பகுதிகளில் அது சட்டப்படி ஒழிந்தது 1848இல்தான். நாடகம் பார்க்க வந்தவர்களில் பலருக்கு அவர்களுடைய தாத்தா செய்த வேலையின் பெயர் அது.

ஆக, ரோபோ என்பதற்குச் சரியான தமிழ் வெட்டியாள். இயந்திர மனிதன், எந்திரன் என்றெல்லாம் மொழிபெயர்க்கும்போது இரும்பும் மின்சாரமும்தான் மனதில் வருகின்றன. சாபெக்கின் ரோபோக்களில் இரும்பே கிடையாது. செயற்கைச் சதையால் ஆனவை, பார்க்க மனிதர் மாதிரியே இருப்பவை. அவை கிளர்ந்தெழுந்து மனித இனத்தை அழித்துவிட்டு ஒரே ஒருவரை மட்டும் உயிரோடு விடுகின்றன. அல்க்விஸ்ட் என்ற கட்டடக்காரர். அவரும் தங்களைப் போலக் கையால் வேலை செய்கிறார் என்பதுதான் அவை சொல்லும் காரணம். நூறு வருடத்துக்கு முன்னால் எழுதிய இந்த ஓர் இடத்தை வைத்தே, கொலைகார இயந்திரக் கதை எதைப் பார்த்தாலும் எடை போடுகிறேன். உழைத்தவனுக்கும் உழைப்பை வாங்கியவனுக்கும் நடுவில் நடந்ததைக் கதை சொல்கிறதா, இல்லை சிவப்புக் கண் எரியும் பொம்மையைக் காட்டிப் பயமுறுத்துகிறதா?

'பேட்டில்ஸ்டார் கேலக்டிகா' இரண்டு முறை எடுக்கப்பட்டது. கிளென் லார்சன் உருவாக்கிய 1978ஆம் வருடத்துத் தொடரில் சைலான்கள் என்ற ரோபோக்களைப் படைத்தது ஊர்வன மாதிரியான ஒரு வேற்றுக்கிரக இனம். மனிதர்களுக்கு அதில் பங்கே இல்லை. எதிரி எங்கிருந்தோ வருகிறான், நாம் ஓடுகிறோம், சுடுகிறோம். ஒரு சீசனோடு நின்றுபோனது. 2003இல் ரொனால்ட் மூரும் டேவிட் ஐக்கும் இதைக் கையில் எடுத்தபோது நிறைய மாற்றினார்கள். அதில் ஒரு மாற்றம்தான் எனக்கு முக்கியம்: இந்த முறை சைலான்களைச் செய்தவர்கள் மனிதர்கள். காலனிகள் என்று அழைக்கப்படும் பன்னிரண்டு கிரகங்களில் தங்கள் வாழ்க்கையைச் சுலபமாக்கச் செய்தார்கள். பிறகு ஒரு நாள் அவை எஜமானர்களைக் கொல்ல முடிவெடுத்தன. தொடரின் முதல் காட்சியிலேயே எழுத்தில் இதைக் காட்டிவிடுகிறார்கள். எஜமானர் என்ற அந்த ஒரு சொல்லால் கதை முழுக்க வேறாகிவிடுகிறது. எட்வர்ட் ஜேம்ஸ் ஓல்மோஸ் நடித்த அடாமா, கேலக்டிகா என்ற விண்போர்க்கப்பலின் தளபதி. சைலான்கள் காலனிகளைத் தாக்கி அழிப்பதற்குச் சற்று முன்னால், அந்தக் கப்பலின் ஓய்வு விழாவில் எழுதி வைத்த உரையை ஓரமாக வைத்துவிட்டுப் பேசுகிறார்: உயிரைப் படைத்துவிட்டு, அது செய்வதற்கு நான் பொறுப்பில்லை என்று கைகழுவ முடியாது. அடுத்த நான்கு சீசன்களும் இந்தப் பேச்சுக்கு எழுதிய விளக்கவுரை மாதிரி.

உங்களுக்காக ஒரே ஒரு அத்தியாயத்தைச் சொல்கிறேன். 2007இல் வந்தது, 'டர்ட்டி ஹேண்ட்ஸ்' என்று பெயர். அதில் ரோபோவோடு சண்டையே கிடையாது. தப்பி ஓடும் விண்கப்பல்களில் ஒன்று எரிபொருள் சுத்திகரிப்பு ஆலை. காலனிகள் அழிந்த நாளில் யார் அந்தக் கப்பலில் வேலையில் இருந்தார்களோ அவர்கள் அதிலேயே மாட்டிக்கொண்டார்கள். மாற்று ஆளும் இல்லை, ஓய்வும் இல்லை. அங்கே வளரும் பிள்ளைகளும் அதே இயந்திரத்தில் நிற்கிறார்கள். விமானி இருக்கையில் உட்கார்ந்திருப்பவர்களில் பெரும்பாலோர் கேப்ரிகா என்ற பணக்காரக் காலனிக்காரர்கள். ஏழைக் காலனியில் பிறந்தவர்களுக்கு எண்ணெயும் புகையும். ஆள் பற்றாக்குறை வந்ததும் முன்பு உடலுழைப்பு செய்தவர்களைத் தேடிப் பிடிக்கிறார்கள். கல்லூரிப் படிப்புக்குக் காசு சேர்க்க விடுமுறையில் பண்ணை வேலை பார்த்த ஒரு பையன், அந்த ஒரே காரணத்துக்காகப் பட்டியலில் வந்துவிடுகிறான். பண்ணையில் வேலை பார்த்தாயா, அப்படியானால் நீ வேலைக்காரன். அவன் கை இயந்திரத்தில் சிக்கிய பிறகுதான் தலைமை மெக்கானிக் டைரல் ஆலையை நிறுத்தச் சொல்கிறார்.

இதே அத்தியாயத்தில், சிறையில் இருக்கும் விஞ்ஞானி பால்டர் ஒரு ரகசியத்தைச் சொல்கிறான். அவன் பிறந்தது ஏரிலான் என்ற விவசாயக் காலனியில். கேப்ரிகாக்காரன் மாதிரி பேச வேண்டும் என்று சிறுவயதிலேயே தன் ஊர்ப் பேச்சை மாற்றிக்கொண்டவன். அந்த இடத்தில் ஒரு நிமிடம் தன் சொந்த ஊர்ப் பேச்சில் பேசிக் காட்டுகிறான். ஊர்ப் பேச்சை மென்று விழுங்கிவிட்டு வேலைக்கான நேர்முகத் தேர்வுக்குப் போன யாரும் அந்தக் காட்சியைச் சும்மா கடந்துபோக முடியாது. கதையில் சைலான்களோடு நாற்பது வருடத்துக்கு முன்னால் முதல் போர் நடந்தது ஏன் என்பதற்கும் இந்தக் கப்பலுக்கும் சம்பந்தம் இருக்கிறது. இயந்திரங்களை இழந்தவுடன் மனிதர்கள் செய்த முதல் வேலை, அந்த இடத்தில் நிற்க வேறு ஆட்களைப் பிடித்ததுதான்.

அதோடு நிற்கவில்லை. 2008இல் வந்த நான்காவது சீசனில், மனித உருவம் எடுத்துவிட்ட சைலான்கள் தங்கள் இரும்புச் சகோதரர்கள் சொந்தமாக யோசிக்காமலிருக்க அவர்களுக்குள் தடுப்பான் பொருத்தி வைத்திருப்பது தெரிகிறது. எஜமானர்களைக் கொன்றவர்கள் தங்களுக்கென்று வெட்டியாட்களை வைத்துக்கொண்டார்கள். தடுப்பானைக் கழற்றினால் என்ன நடக்கிறது என்பதை நீங்களே பாருங்கள்.

எழுதியவர்கள் கதையும் இதிலிருந்து தூரம் இல்லை. 2006இல் இதே தொடருக்காக இணையத்தில் வெளியிடப் பத்துக் குறும்பகுதிகள் எழுதினார்கள். அவை விளம்பரப் பொருள்தான், எழுத்தாளர்களுக்குத் தனியாகப் பணமும் பெயரும் கிடையாது என்றது தொடரின் உரிமையாளரான என்பிசி யுனிவர்சல் நிறுவனம். பகுதிகளைக் கொடுக்க மாட்டேன் என்று மூர் மறுத்தார், விவகாரம் தொழிலாளர் வாரியம் வரை போனது. அடுத்த வருடம் நவம்பரில் அமெரிக்கத் திரைக்கதை எழுத்தாளர்கள் எல்லோரும் வேலைநிறுத்தம் செய்தபோது முக்கியமான கோரிக்கைகளில் ஒன்று இணையத்தில் வருவதற்குக் காசு. உழைப்பாளிகள் எஜமானர்களைக் கேள்வி கேட்கும் கதையை எழுதியவர்களிடமே வெட்டி கேட்டிருக்கிறார்கள்.

இந்த விஷயத்தில் என் கோபம் பழையது, இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். இளவயதில் ஒரு பதிப்பகத்துக்கு ஐந்நூறு பக்க மொழிபெயர்ப்பு செய்து கொடுத்தேன். எட்டு மாத ராத்திரிகள். மேடைக்குக் கூப்பிட்டு ஒரு சால்வை போர்த்தி, இரண்டு பிரதிகள் கொடுத்தார்கள். தமிழில் எழுதுகிறவர்களுக்கு இப்படிப் போர்த்திய சால்வைகளைக் கூலியாக மாற்றியிருந்தால் எத்தனை வீடுகளில் வாடகை கட்டியிருக்கலாம்! அந்த நாளிலிருந்து, கையில் பத்திரிகை வந்தால் இரண்டு பக்கக் கட்டுரை எழுதுகிறவருக்கும் பிழை திருத்துகிறவருக்கும் அச்சுக்குப் போகும் முன்னால் பணம் போய்ச் சேர வேண்டும் என்று வைத்திருந்தேன். இன்றுவரை அப்படித்தான் நடக்கிறது. 'உங்கள் பத்திரிகையில் பெயர் வந்தால் போதும் சார்' என்று எழுதும் இளைஞர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: போதாது. கேட்டு வாங்குங்கள்.

செயற்கை நுண்ணறிவு நம்மை அழிக்குமா என்று கேட்டீர்கள். துப்பாக்கியோடு வரும் இயந்திரத்தை நினைத்து எனக்குத் தூக்கம் கெடுவதில்லை. இயந்திரம் வந்த பிறகு யாருடைய உழைப்பு வெட்டியாகிறது என்பதுதான் என்னை உறுத்துகிறது. 2023இல் அதே அமெரிக்கத் திரைக்கதை எழுத்தாளர்களின் சங்கம் 148 நாள் வேலைநிறுத்தம் செய்து, இயந்திரத்தை எழுத்தாளர் என்று கணக்கில் சேர்க்கக் கூடாது என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்கியது. அந்தக் கேள்வியைச் சரியான இடத்தில் கொண்டுபோய் வைத்தவர்கள் அவர்கள்.

இன்னொன்றையும் கேட்பீர்கள், அதனால் இப்போதே சொல்லிவிடுகிறேன். ஆமாம், தொடரின் தொடக்க இசையில் வருவது காயத்ரி மந்திரம்தான், ரிக் வேதத்தின் மூன்றாம் மண்டலத்தில் வருவது. கதையில் மனிதர்கள் பல தெய்வங்களைக் கும்பிடுகிறார்கள். ஒரே கடவுளை நம்புவது இயந்திரங்கள்தான். அதைப் பற்றி எழுத எனக்கு நான்கு பக்கம் போதாது.

2003இல் வந்த மூன்று மணி நேரக் குறுந்தொடரிலிருந்து ஆரம்பியுங்கள். அடுத்து '33' என்ற அத்தியாயம். முப்பத்து மூன்று நிமிடத்துக்கு ஒரு முறை எதிரி வருகிறான், ஐந்து நாளாக யாரும் தூங்கவில்லை. ஜனாதிபதி ரோஸ்லின் ஒரு வெள்ளைப் பலகையில் உயிரோடு இருப்பவர்களின் எண்ணிக்கையை எழுதி வைத்திருக்கிறார். அது குறைந்துகொண்டே வருகிறது. கடைசியில் ஒரு கப்பலில் குழந்தை பிறந்திருக்கிறது என்று செய்தி வருகிறது. அவர் எழுந்து போய் எண்ணிக்கையில் ஒன்றைக் கூட்டி 47,973 என்று எழுதுகிறார்.

இது வரைக்கும் பார்த்துவிட்டுக் கடிதம் எழுதுங்கள். அப்போதும் வெட்டிக் கதை என்றே உங்களுக்குப் பட்டால் ஒரு சொல்லும் குறைக்காமல் அடுத்த இதழில் போடுகிறேன். அரைப் பக்கத்துக்கு மேல் போனால் அதற்கும் சன்மானம் உண்டு.