இத்தாலி வெயிலைத் தேடிப் போன ஓவியர்கள்: கேள்வி பதில்

கேள்வி: ஹாலந்திலும் டென்மார்க்கிலும் வயல், ஆறு, வானம் எல்லாம் இருந்தனவே. ஓவியர்கள் எதற்காக ஆல்ப்ஸ் மலையைத் தாண்டி இத்தாலிக்குப் போனார்கள், ஐயா?

முதலில் படிக்கத்தான் போனார்கள். ரோமின் பழஞ்சிற்பங்களையும் இத்தாலிய ஓவியர் ராஃபேலின் படங்களையும் நேரில் பார்க்காதவனின் கல்வி அரைகுறை என்று அன்று நம்பினார்கள். போன இடத்தில் வெயில் அவர்களைப் பிடித்துக்கொண்டது. பிழைப்பும் கிடைத்தது: கர்தினால்களும் ஊர் சுற்ற வந்த ஆங்கிலேயச் சீமான்களும் நிலக்காட்சிகளை விரும்பி வாங்கினார்கள். ஜெர்மானியரான ஹாக்கர்ட் 1786இல் நேப்பிள்ஸ் அரசரின் அவை ஓவியராகவே ஆகிவிட்டார்.

கேள்வி: தெரியாத ஊரில் தனியாகவா இருந்தார்கள்?

இல்லை. டச்சு, ஃபிளமிஷ் ஓவியர்கள் 1620 வாக்கில் ரோமில் ஒரு சங்கமே வைத்துக்கொண்டார்கள். புதிதாக வருபவருக்கு ஒரு பட்டப்பெயர், விடிய விடிய விருந்து, பிறகு சாந்தா கோஸ்தான்சா ஆலயத்துக்கு ஊர்வலம். அங்கிருந்த கல் சவப்பெட்டியை மதுக்கடவுள் பாக்கஸின் கல்லறை என்று எண்ணி அதற்கு மது படைத்தார்கள். அவர்கள் கீறிய பெயர்களை அந்த ஆலயச் சுவரில் இன்றும் பார்க்கலாம். 1720இல் போப்பாண்டவர் இந்தச் சடங்குகளுக்குத் தடை போட்டார்.

கேள்வி: டச்சு ஓவியர் ஆல்பர்ட் கைப் இத்தாலிக்கே போனதில்லை என்று படித்தேன். பிறகு அவருடைய மாடுகள் மேல் அந்தப் பொன்வெயில் எப்படி விழுகிறது?

யான் போத் கொண்டுவந்த வெயில் அது. ஹாலந்தின் உட்ரெக்ட் நகரத்து ஓவியரான போத், அண்ணன் ஆண்ட்ரீஸுடன் ரோமில் இருந்தவர். ஆண்ட்ரீஸ் 1642இல் வெனிஸ் கால்வாயில் மூழ்கி இறந்தார். ஊர் திரும்பிய போத், 1652இல் சாகும்வரை இத்தாலிய மாலைகளையே வரைந்தார். அவர் படங்களைப் பார்த்துத்தான் கைப்பின் ஒளி மாறியது. கைப்பின் ஊரான டோர்ட்ரெக்டின் ஆற்றங்கரை மாடுகள்மேல் ரோமின் வெயில்! எனக்கு கைப்பையே அதிகம் பிடிக்கும். கடன் வாங்கிய ஒளியைத் தன் ஊர் ஈரக்காற்றோடு கலந்துவிட்டார்.

கேள்வி: டியூப் வண்ணங்கள் 1841இல்தானே வந்தன? அதற்கு முன் வெட்டவெளியில் எண்ணெய் வண்ணம் தீட்டியது எப்படி?

அரைத்த வண்ணத்தைப் பன்றியின் சிறுநீர்ப்பையில் கட்டி எடுத்துப் போனார்கள். கனமான கித்தானுக்குப் பதில் காகிதம். வெளிச்சம் மாறுவதற்குள் முடிக்க வேண்டும் என்பதால் அளவும் சிறியது.

தாமஸ் ஜோன்ஸ் என்ற வேல்ஸ்காரர் 1782 வாக்கில் நேப்பிள்ஸில் வரைந்த ஒரு சுவரைப் பாருங்கள். அகலம் வெறும் 16 சென்டிமீட்டர், உயரம் 11.4. காரை பெயர்ந்த சுவர், சாரக்கட்டைகள் செருகிய பொத்தல்கள், ஒரு சிறு பால்கனி, அதில் காயும் துணிகள், அதற்குக் கீழே நீர் வழிந்த கறை, மேலே ஒரு கீற்று நீலம். எரிமலை இல்லை, கடல் இல்லை, கோயில் இல்லை. இப்படி ஒன்றை வரையலாம் என்று அன்று யாருக்குத் தோன்றும்? இத்தகைய படங்களை அவர் விற்பனைக்கு வரையவில்லை. 1950களில் அவை குடும்பத்தாரிடமிருந்து ஏலத்துக்கு வந்த பிறகே உலகம் அவரைக் கவனித்தது. தெற்கே போன அத்தனை பேரிலும் ஒருவரைத்தான் சொல்ல வேண்டும் என்றால் நான் இவரைச் சொல்வேன்.

கேள்வி: ரோமின் பழைய அரங்கமான கொலோசியத்தின் வளைவுகள் வழியே ஊரைக் காட்டும் எக்கர்ஸ்பெர்க்கின் படம் அப்படியே கண்டதைக் கண்டபடி வரைந்ததா?

அப்படித்தான் தெரியும். ஆனால் 1815இல் அந்த டென்மார்க் ஓவியர் காட்டிய மூன்று வளைவுக் காட்சிகளையும் ஒரே இடத்தில் நின்று பார்க்க முடியாது. இடம் மாறி மாறி நின்று பார்த்து, ஒரே பார்வைபோல இணைத்திருக்கிறார். ஒவ்வொரு கல்லிலும் அவ்வளவு துல்லியம் இருப்பதால் நமக்குச் சந்தேகமே வருவதில்லை.

கேள்வி: லண்டன் போகிறேன். இவற்றில் எதைப் பார்க்கலாம்?

நேஷனல் கேலரியில் ஜோன்ஸின் சுவர் இருக்கிறது. அரை நாள் ஒதுக்க முடிந்தால் தென் லண்டனின் டல்விச் கேலரிக்கும் போங்கள். போத், கைப் இருவரையும் அங்கே ஒப்பிட்டுப் பார்க்கலாம். எக்கர்ஸ்பெர்க்கின் அந்தக் கொலோசியப் படத்துக்குக் கோபன்ஹேகன்தான் போக வேண்டும்.