கேளுங்க சொல்றோம்: மதுரையை விட யாழ்ப்பாணம் கிட்டவா?

கே: சென்னைல இருந்து யாழ்ப்பாணம் வான்வழியா 356 கி.மீ.தான்னு நெட்ல போட்டிருக்கு, ஆனா டிக்கெட்ல ஒண்ணேகால் மணி நேரத்துக்கு மேல காட்டுது. எது சரி? – ஒரு வாசகி, குரோம்பேட்டை

ரெண்டுமே சரிதாங்க. அந்த 356 மேப்ல நேரா கோடு போட்டு அளந்தது. அதே மாதிரி மதுரைக்கு அளந்தா சுமார் 418 வரும், அதாவது மீனம்பாக்கத்துக்கு மதுரையை விட பலாலி (யாழ்ப்பாணம் ஏர்போர்ட் இருக்கற இடம்) கிட்ட, நம்ப கஷ்டமா இருந்தாலும் அதான் நிஜம். ஆனா டிக்கெட்ல போடறது பறக்கிற நேரம் மட்டும் இல்ல, இங்க பிளைட் நகர ஆரம்பிச்சதுல இருந்து அங்க போய் நிக்கிற வரைக்கும் உள்ள மொத்த நேரம். இந்த ரூட்ல ஓடுறது ஏடிஆர், புரொபெல்லர் வச்ச சின்ன பிளைட், மணிக்கு 500 கி.மீ. ஸ்பீடுன்னு வச்சாக்கூட 43 நிமிஷக் கணக்குதான், மிச்சமெல்லாம் ரன்வே வரைக்கும் உருண்டு போறது, டேக் ஆஃபுக்குக் காத்திருக்கறது, ஏறி இறங்கறது, அதுக்கு மேல லேட்டானா சமாளிக்க கம்பெனிக்காரங்க போட்டு வைக்கிற எக்ஸ்ட்ரா நிமிஷம்.

டைம் வித்தியாசமும் கிடையாது. 2006 ஏப்ரல்ல இருந்து இலங்கையும் நம்ம கடிகாரம்தான், வாட்ச்சைத் திருப்ப வேண்டாம்.

கே: கொழும்பு போய் அங்கேருந்து பஸ்ல போனா என்ன? – ஒரு வாசகர், திருச்சி

கொழும்புல வேலை இருந்தா போங்க, இல்லேன்னா எதுக்குங்க? சென்னை–கொழும்பு 640 கி.மீ. சொச்சம், யாழ்ப்பாணத்தைத் தாண்டிப் போய் இறங்கி, மறுபடி ரோட்ல 400 கி.மீ. வடக்கே வரணும், பஸ்ல ஏழெட்டு மணி நேரம் போயிடும். ரொம்ப வருஷமா ஜனங்க அப்படித்தான் போனாங்க, வேற வழி இல்ல. 1947ல ஏர் சிலோன் முதல் பிளைட்டே கொழும்பு பக்கத்துல ரத்மலானைல கிளம்பி காங்கேசன்துறை (இதே பலாலி ஏர்போர்ட்தான்) வழியாத்தான் மெட்ராஸ் வந்துச்சு, அப்புறம் யுத்தத்துல எல்லாம் நின்னு போய், 2019 அக்டோபர்லதான் பலாலி மறுபடி திறந்துச்சு, அதுவும் அடுத்த மார்ச்லயே கொரோனாவால மூடி 2022 டிசம்பர்லதான் திரும்ப ஓடுச்சு. உங்க ஊருக்கு இன்னும் நல்ல சேதி, 2025 மார்ச் கடைசில இண்டிகோ திருச்சி–யாழ்ப்பாணம் ஆரம்பிச்சது. நேர்கோட்ல 185 கி.மீ.கூட இல்ல! எதுக்கும் இப்போ எந்தெந்த நாள் ஓடுதுன்னு பார்த்துட்டு லீவு போடுங்க. தூரம் கம்மிதான், ஆனா இமிகிரேஷன், கஸ்டம்ஸ் எல்லாம் லண்டன் போறவங்களுக்கு உள்ளதேதான், பறக்கறதை விட ஏர்போர்ட்ல நிக்கறதுதான் அதிகம். விசா ரூல் அடிக்கடி மாறுது, டிக்கெட் போடறதுக்கு முன்னாடியே செக் பண்ணிடுங்க.

கே: சென்னைல இருந்து போறப்ப எந்தப் பக்கம் ஜன்னல் சீட்? – பேர் போடல

வலது பக்கம். நேர் தெற்கா போறதால மகாபலிபுரம் தாண்டினதும் கீழ கடல், கரை முழுக்க வலது பக்கம்தான் வரும், மேகம் இல்லேன்னா கோடியக்கரை முனை வரைக்கும் பார்க்கலாம். ஏடிஆர்ல இறக்கை மேல இருக்கறதால கீழ பார்க்கறப்ப மறைக்காது. ஆனா ஏறுறது பின்பக்கக் கதவு வழியா, அதனால சீக்கிரம் இறங்கணும்னா பின்னாடி சீட்டா பார்த்துப் போடுங்க.