பத்து மணிக்கு வராத அம்மா

அன்புள்ள ஐயா,

குலசேகரம் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளியில் இரண்டு வருடமாக வேலை பார்க்கிறேன். பெற்றோர் கூட்டம் போட்டால் நாலைந்து பேர்தான் வருகிறார்கள். வருகிறவர்களும் வாய் திறப்பதில்லை. பிள்ளைகள்மேல் அக்கறையே இல்லை. வாட்ஸாப் குழு தொடங்கினால் பயன் இருக்குமா? இவர்களிடம் எப்படித்தான் பேசுவது?

ஒரு ஆசிரியை

அன்புள்ள ஆசிரியைக்கு,

வாட்ஸாப் குழு தொடங்குங்கள், மழை விடுமுறை சொல்ல உதவும். அது போகட்டும்.

'அக்கறையே இல்லை' என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரி என்னைச் சுட்டுவிட்டது. கூட்டம் எத்தனை மணிக்கு? பத்து, பத்தரை என்றுதான் இருக்கும். உங்கள் பள்ளியைச் சுற்றி ரப்பர் தோட்டங்கள். பால் வெட்டுகிறவர்கள் விடியுமுன்னே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு போகிறார்கள். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும். அப்புறம் சிரட்டை சிரட்டையாகப் பால் எடுத்து, ஆசிட் ஊற்றி உறைய வைத்து, ஷீட் அடித்து முடிக்க மதியமாகிவிடும். பாதியில் விட்டுவிட்டு உங்கள் கூட்டத்துக்கு வந்தால் பால் சிரட்டையிலேயே உறைந்து ஒட்டுப்பால் என்று குறைந்த விலைக்குப் போகும். இரண்டு வருடத்தில் ஒரு தாயிடமாவது இதைக் கேட்கத் தோன்றவில்லையா? பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர் இருக்க வேண்டும் என்கிறது 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம். கூட்ட நேரத்தை அவர்களே குறிக்கட்டும்.

என் அம்மா அண்டி ஆபீஸில், அதாவது முந்திரிக்கொட்டை ஆலையில், வேலை பார்த்தாள். நாலாம் வகுப்பில் நான் கணக்கில் பிந்தியபோது வாத்தியார் அவளைக் கூட்டிவரச் சொன்னார். அரை நாள் கூலியை விட்டுவிட்டு வந்தாள். அண்டி உடைக்கிறவர்களின் விரல்களைப் பார்த்திருக்கிறீர்களா? ஓட்டில் கசியும் எண்ணெய் தோலைப் பொள்ள வைக்கும், கறை சோப்புக்குப் போகாது. அந்தக் கைகளை முந்தானைக்குள் மறைத்தபடி வகுப்பு வாசலில் நின்றாள். வாத்தியார் எழுந்திருக்காமல், வகுப்பு முழுக்கக் கேட்கும்படி, "வீட்டுல பயலைக் கவனிக்கதே இல்லியா?" என்றார். அம்மா என்னைத் திட்டவில்லை. ராத்திரி எனக்குச் சோறு போட்டுவிட்டுத் தான் சாப்பிடாமல் படுத்தாள். அதன்பின் அந்தப் பள்ளிக்கூடத்துப் பக்கம் அவள் வரவேயில்லை. அக்கறை இல்லாதவள் என்றுதான் அங்கே நினைத்திருப்பார்கள்.

ஆறாம் வகுப்பில் ஒரு டீச்சர் சாயங்காலம் வீட்டுக்கே வந்தார். திண்ணையில் உட்கார்ந்து கட்டன் சாயா குடித்தார். "உங்க மகன் நல்லா கதை சொல்லுகான்" என்பதுதான் முதல் பேச்சு. கணக்கைப் பற்றி அம்மாவேதான் எடுத்தாள். "வீட்டுல எப்பம் இருந்து படிக்கான்?" என்று மட்டும் டீச்சர் கேட்டார், கேட்டுவிட்டுச் சும்மா இருந்தார். அம்மா அரை மணி நேரம் பேசினாள். மண்ணெண்ணெய் விளக்கு ஒன்றுதான் இருந்தது, அது அடுக்களையில் இருந்தது, அதையும் சொன்னாள்.

முதல் வார்த்தை குறையாக இருக்கக் கூடாது. எத்தனை தடவை வேண்டுமானாலும் இதைச் சொல்வேன். குறையைச் சொல்லத்தான் வேண்டும், ஆனால் அது இரண்டாவதாக வரட்டும், வகுப்பின் முன்னால் வராமல் இருக்கட்டும். பிள்ளை பக்கத்தில் நிற்கும்போது 'இவன்', 'இவள்' என்று படர்க்கையில் பேசாதீர்கள். பிள்ளையிடமே கேளுங்கள்.

இந்த வாரம் ஒரு வீட்டுக்குப் போய்விட்டு எனக்கு எழுதுங்கள். அந்தப் பிள்ளையைப் பற்றி முதலில் என்ன சொன்னீர்கள் என்பதையும் எழுதுங்கள்.